வணிகச் சின்னத்தின் வகைகள்: எதை முதலில் பதிவு செய்வது, எந்த வரிசையில் செய்வது

டிரேட்மார்க் விண்ணப்பத்தில் பலரும் யோசிக்காமல் தாண்டிப்போகும் ஒரு கேள்வி உண்டு: சின்னம் எந்த வகை? சொல்லா, லோகோவா, நிறமா, வடிவமா, ஒலியா? கையில் லோகோ இருக்கிறது என்பதற்காக அதையே பதிவேற்றிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் எதைக் காப்பாற்ற முடியும், எதைக் காப்பாற்ற முடியாது என்பதை அந்த ஒரு தேர்வுதான் முடிவு செய்கிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். திருத்தம் என்ற பெயரில் சின்னத்தையே கணிசமாக மாற்ற 2017-ஆம் ஆண்டு வணிகச் சின்ன விதிகள் இடம் தருவதில்லை. புது விண்ணப்பம், புதுக் கட்டணம், புதுத் தேதி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்தியாவில் சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளக்க வசதிக்கு ஒரு கற்பனைத் தொழிலை வைத்துக்கொள்வோம்: செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய் விற்கும் ஒரு சிறு ஆலை.

1. படிவத்தைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், சின்னம் யார் பெயரில் இருக்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். தனிநபர் நடத்தும் கடைக்குச் சட்டத்தின் பார்வையில் தனி உருவம் கிடையாது. அதனால் உரிமையாளரின் பெயரில் விண்ணப்பித்து, 'இந்தக் கடைப் பெயரில் வணிகம் செய்பவர்' என்று குறிப்பிட வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் எல்லாக் கூட்டாளிகளின் பெயரும் வரவேண்டும். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் தொழிலில் அவசரத்துக்கு ஒருவர் பெயரில் போட்டுவிட்டு, பாகம் பிரியும்போது பெயர் யாருக்கு என்று நீதிமன்றம் போகிறார்கள். இதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டிய நேரம் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம்தான்.

இரண்டாவது, கட்டணச் சலுகைக்கான சான்று. இணையத்தில் தாக்கல் செய்தால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு (பொருட்களைப் பிரிக்கும் பிரிவு, 3-ஆம் பகுதியில் வருகிறது) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தனிநபருக்குச் சலுகை இயல்பாகவே உண்டு. கூட்டு நிறுவனமோ கம்பெனியோ சிறு நிறுவனம் என்று சலுகை கேட்டால் உத்யம் சான்றிதழ் (சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அரசு தரும் பதிவுச் சான்று) வேண்டும்.

மூன்றாவது, பெயரை எப்போது முதல் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு ஆதாரம். பழைய பில், விளம்பரத் துண்டு, பேக்கெட் அச்சடித்த ரசீது எதுவானாலும் சரி, அதில் பிராண்டின் பெயர் இருக்க வேண்டும். பில்லின் தலைப்பில் நிறுவனத்தின் பெயரும் உள்ளே 'நல்லெண்ணெய் 1 லிட்டர்' என்று மட்டும் இருந்தால் பிராண்டைப் பயன்படுத்தியதற்கு அது ஆதாரமாகாது. இன்றிலிருந்தாவது பில்லில் பிராண்டின் பெயர் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

லோகோ வரைந்து கொடுத்தவரிடம் பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கிவையுங்கள். பணம் கொடுத்ததால் மட்டும் அந்தப் படத்தின் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று நம்பக் கூடாது.

ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், கம்பெனிப் பதிவு ஆகிய எதுவும் பெயர் மீது வணிகச் சின்ன உரிமையைத் தராது. கம்பெனிப் பெயருக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் பின்னால் அதிகம் சிக்குகிறார்கள்.

2. பெயர் பதிவாகக் கூடியதா என்று பாருங்கள்

வகையைத் தேர்வதற்கு முந்தைய படி இது. பெயர் பலவீனமாக இருந்தால் எந்த வகையில் போட்டாலும் பயனில்லை.

1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இதுதான்: பொருளின் தன்மை, தரம், அளவு, பயன், விளைந்த ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயரை ஒருவருக்கே கொடுக்க முடியாது. அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் அந்தச் சொற்கள் வேண்டுமே. 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்பது எல்லா ஆலைக்காரர்களும் சொல்ல வேண்டிய வாக்கியம். 'பெஸ்ட்', 'சூப்பர்', 'நம்பர் ஒன்' போன்ற புகழ்ச்சிச் சொற்களும் இப்படித்தான். நூடுல்ஸ் விற்கும் இரு பெரிய நிறுவனங்கள் 'மேஜிக் மசாலா', 'மேஜிக்கல் மசாலா' என்ற சொற்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் மோதின. 'மேஜிக்' புகழ்ச்சிச் சொல், 'மசாலா' வணிகத்தில் எல்லோருக்கும் பொதுவான சொல், இரண்டையும் யாரும் தனியுடைமையாக்க முடியாது என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. பெரிய நிறுவனத்துக்கே கிடைக்காத சொல்லுக்காக நாம் பணம் செலவழிக்க வேண்டாம்.

வலிமையான பெயர்கள் இரு வழிகளில் வரும். ஒன்று, அகராதியில் இல்லாத, நீங்களே உருவாக்கிய சொல், கோடாக் அப்படிப்பட்டது. இன்னொன்று, பழகிய சொல்தான், ஆனால் பொருளோடு தொடர்பில்லாதது; கணினிக்கு ஆப்பிள் என்பது போல. நம் எண்ணெய் ஆலைக்கு 'தூக்கணாங்குருவி' என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம். குருவிக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் அது நல்ல பெயர். பொருளை லேசாகக் கோடிகாட்டும் பெயரும் பதிவாகலாம், ஆனால் வாதாட வேண்டிவரும்.

பொருளை வர்ணிக்கும் பெயரை நீண்ட காலமாகப் பயன்படுத்தி, கேட்டதும் மக்கள் உங்களையே நினைக்கிறார்கள் என்று நிரூபித்தால் பதிவு கிடைக்கும். அதற்குப் பல ஆண்டு விற்பனைக் கணக்கும் விளம்பரச் செலவுக் கணக்கும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த வழி இல்லை.

சாமி பெயர்கள் பற்றி: நம் ஊரில் பாதிக் கடைகள் தெய்வத்தின் பெயரில்தான் நடக்கின்றன. சட்டம் அதை முழுவதுமாகத் தடுக்கவில்லை. ஆனால் பலரும் வைத்திருக்கும் பெயர் என்பதால் மற்றவர்களைத் தடுப்பது கடினம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கேட்டவருக்கு, புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் தன் வணிகச் சின்னமாக உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. தேசியக் கொடி, காந்தியடிகளின் பெயரும் படமும், அரசு முத்திரைகள் ஆகியவற்றைத் தேசியச் சின்னங்கள், பெயர்களை முறையின்றிப் பயன்படுத்துவதற்கு எதிரான 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இவற்றை லோகோவிலும் சேர்க்கக் கூடாது.

3. வகுப்பைக் குறியுங்கள்

உலக நடைமுறைப்படி பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நீங்கள் கேட்கும் வகுப்பில், குறிப்பிடும் பொருளுக்குத்தான் பதிவு கிடைக்கும்.

எண்ணெய் விற்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. அதே நல்லெண்ணெயை விளக்கேற்றும் எண்ணெய் என்று விற்றால் 4. தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய் 3, மருந்து எண்ணெய் 5. மிஞ்சும் புண்ணாக்கை மாட்டுத் தீவனமாக விற்றால் 31. பல நிறுவனங்களின் பொருட்களை வாங்கி விற்கும் கடை என்றால் 35. உணவகம் 43. முறுக்கு, மாவு, மசாலாப் பொடி, காபித் தூள் 30, ஊறுகாய் 29.

எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா? வகுப்புக்கு வகுப்பு கட்டணம் தனி. இன்று விற்பதையும், நிச்சயமாகத் தொடங்கப்போவதையும் மட்டும் கேளுங்கள். பதிவான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் வகுப்பை நீக்கச் சொல்லி இன்னொருவர் மனுப் போட முடியும். பொருள் பட்டியலில் 'அனைத்துப் பொருட்களும்' என்று எழுதாதீர்கள், ஆட்சேபணை வரும். 'நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் (சமையலுக்கு)' என்று தெளிவாக எழுதினால் போதும்.

4. தேடுங்கள், காதாலும் தேடுங்கள்

வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். பலர் பெயரை ஒருமுறை தட்டிப் பார்த்து, அப்படியே ஒன்றும் வரவில்லை என்றதும் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது போதாது. பெயரின் தொடக்கப் பகுதி, நடுப் பகுதி, வேறு எழுத்துக்கூட்டல், ஒலி ஒப்புமை என்று நான்கு விதமாகத் தேடுங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது ழ, ள, ல மூன்றுக்கும் ஒரே எழுத்தை எழுதுபவர்கள் உண்டு. த என்பதற்கு இரண்டு விதம் உண்டு. எல்லா விதத்தையும் போட்டுப் பாருங்கள்.

ஒலி ஏன் இவ்வளவு முக்கியம்? 'அம்ருத்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்களை ஒப்பிட்ட உச்ச நீதிமன்றம் 1962-இல் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: வாங்க வரும் சாதாரண மனிதர் சொல்லைப் பிரித்து இலக்கணப் பொருள் பார்க்க மாட்டார், காதில் விழும் மொத்த ஒலியையே நினைவில் வைத்திருப்பார். எனவே இரண்டும் குழப்பம் தருமளவு ஒத்தவை. நம் பெயரின் பொருள் வேறு என்று வாதாடுவது உதவாது.

உங்கள் வகுப்பில் மட்டும் தேடி நிறுத்த வேண்டாம். எண்ணெய்க்கு 29 பார்த்தால் 30, 3, 35 ஆகியவற்றையும் பாருங்கள். லோகோவில் படம் இருந்தால் வியன்னா குறியீடு என்ற பட வகைப்பாட்டின் வழியே பறவை, மரம், விளக்கு என்று தேடலாம்.

அப்புறம், பதிவேட்டுக்கு வெளியேயும் தேடுங்கள். பதிவு செய்யாமல் பல காலமாக ஒரு பெயரில் வணிகம் செய்பவருக்கும் உரிமை உண்டு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்கு நல்ல பாடம். 'இருட்டுக்கடை அல்வா' பல காலமாக அறியப்பட்ட பெயர். இன்னொருவர் அதன் முன் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பயன்படுத்தினார். முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு தரும் உரிமையைவிட மேலானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதில் இரண்டு செய்திகள் உண்டு. பிறருடைய பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்தால் அது புதுப் பெயர் ஆகாது. பதிவேட்டில் இல்லாத பெயர் என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத பெயரும் ஆகாது. கூகுள், வரைபடச் செயலி, இணையச் சந்தைகள், உங்கள் ஊர் மொத்த வியாபாரத் தெரு எல்லாவற்றிலும் பாருங்கள்.

5. முதல் வகை: சொற்சின்னம்

தேடலில் பெயர் தேறிவிட்டால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். இதில் என் கருத்து உறுதியானது: ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது சொல்லுக்காகத்தான் இருக்க வேண்டும்.

சொற்சின்னம் என்றால் அலங்காரம் இல்லாத வெறும் எழுத்து. சொல், தனி எழுத்துகள், எண்கள் எல்லாம் இதில் அடங்கும். எம்ஆர்எஃப், டிவிஎஸ் போன்ற எழுத்துப் பெயர்களும் அப்படித்தான். எழுத்துரு, நிறம், அளவு எதுவும் குறிப்பிடாததால், எந்த எழுத்துருவில் எந்த நிறத்தில் எழுதினாலும் பெயர் உங்களுடையது. நான்கு ஆண்டு கழித்து லோகோவை மாற்றினாலும் இந்தப் பதிவு செல்லும். லோகோவாக மட்டும் பதிவு செய்தவருக்கு, அதே பெயரை வேறு படத்தோடு போடுபவரைத் தடுக்கக் கூடுதலாக வாதாட வேண்டிவரும்.

தமிழ்ப் பெயருக்கு ஒரு கூடுதல் யோசனை. பெயரை ஆங்கில எழுத்தில் சொற்சின்னமாகக் கேளுங்கள். தேடலும் பரிசோதனையும் அந்த எழுத்தில்தான் நடக்கின்றன. தமிழ் எழுத்தில் உள்ள வடிவத்தை லேபிளில் சேர்த்துத் தனியாகக் கேட்கலாம். தமிழ் எழுத்து எங்கே வந்தாலும் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தரவேண்டும் என்பது விதி. இதை விட்டுவிட்டால் ஆட்சேபணை வரும்.

விளம்பர வாசகமும் சொற்சின்னமாகப் பதிவாகலாம், பொருளைப் புகழ்வதாக மட்டும் இல்லாவிட்டால். பெயரைப் பதிவு செய்யும் முன் வாசகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஒரே பெயரின் சிறு மாறுபாடுகளை, அதாவது முக்கியப் பகுதி மாறாமல் அளவு, தரம் போன்ற சிறு விவரம் மட்டும் மாறுவதை, தொடர் சின்னமாக ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். முற்றிலும் வேறான மூன்று பெயர்களை 'தொடர்' என்று போட்டால் நிராகரிக்கப்படும்.

6. இரண்டாவது வகை: லோகோவும் லேபிளும்

படம், முத்திரை, அலங்கார எழுத்து, பேக்கெட் மேல் ஒட்டும் லேபிள் எல்லாம் படிவத்தில் 'டிவைஸ்' என்ற பிரிவில் வரும். பெயரைப் படிக்காமல் படத்தைக் காட்டி 'அந்தக் குருவி போட்ட எண்ணெய் கொடுங்க' என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருந்தால் இந்தப் பதிவு அவசியம்.

கறுப்பு வெள்ளையில் கேட்பதா, நிறத்தில் கேட்பதா? நிற வரம்பு இல்லாமல் பதிவான சின்னம் எல்லா நிறங்களுக்கும் பதிவானதாகக் கருதப்படும் என்கிறது 10-ஆம் பிரிவு. அதனால் நிறமே உங்கள் அடையாளமாக இல்லாதபட்சத்தில் கறுப்பு வெள்ளையே நல்லது.

புதியவர்கள் அடிக்கடி செய்வது, அச்சான லேபிளை முழுவதுமாக ஸ்கேன் செய்து ஏற்றுவது. விலை, எடை, தொலைபேசி எண், உரிம எண், 'நூறு சதவீதம் தூய்மை' எல்லாம் அதில் இருக்கும். பதிவு என்பது முழுப் படத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் தனி உரிமை இல்லை. நாளைக்குத் தொலைபேசி எண் மாறினால் பதிவில் இருப்பதும் பயன்பாட்டில் இருப்பதும் வேறாகிவிடும். மாறக்கூடிய விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மாறாத வடிவத்தை மட்டும் எட்டு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் தெளிவாகக் கொடுங்கள்.

லேபிளின் மொத்தத் தோற்றத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையைப் போன்ற உறையில் மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் பிஸ்கட் விற்றது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளை எண்ணிப் பார்ப்பது சரியான முறை அல்ல, ஒன்றைப் பார்த்துப் பழகியவர் இன்னொன்றைத் தவறாக எடுத்துவிடுவாரா என்பதே கேள்வி என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் கூறி, பார்லேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் லேபிளை வடிவமைக்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். சந்தையில் முன்னணியில் இருப்பவரின் நிறமும் அமைப்பும் 'அந்த மாதிரி' வேண்டும் என்று வடிவமைப்பாளரிடம் சொல்லாதீர்கள்.

7. நிறம், வடிவம், ஒலி, மணம்

பெரும்பாலான சிறு தொழில்களுக்கு இவை தேவைப்படாது. இருந்தாலும் எப்போது தேவைப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிறம்: சட்டம் பேசுவது நிறங்களின் சேர்க்கையை. ஒற்றை நிறத்தைக் கேட்பவர் பாதை மிகக் கடினம். பற்பொடிக் குப்பியில் கோல்கேட்டின் சிவப்பு வெள்ளைச் சேர்க்கைக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2003-இல் பாதுகாப்பு அளித்தது. அதற்குப் பின்னால் நீண்ட காலப் பயன்பாடு இருந்தது. ஆதாரம் சேரும்வரை நிறத்தை லேபிளின் பகுதியாகக் காப்பது போதும்.

வடிவம்: புட்டியின் வடிவம், பேக்கிங்கின் வடிவம் பதிவாகும். ஆனால் பொருளின் இயல்பாலேயே வரும் வடிவம், வேலை நடக்கத் தேவையான வடிவம், பொருளுக்கே முக்கிய மதிப்பைத் தரும் வடிவம் ஆகிய மூன்றும் கிடைக்காது. எண்ணெய் சிந்தாமல் இருக்க வளைத்த மூக்கு இரண்டாவது வகை. அதைச் சின்னமாகக் கேட்க முடியாது. விண்ணப்பத்தில் குறைந்தது ஐந்து கோணங்களிலிருந்து படமும் சொல் விளக்கமும் வேண்டும். புதிதாக வடிவமைத்த புட்டி என்றால், வெளியே காட்டும் முன்பே 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். விற்பனைக்கு வந்த பிறகு அந்தப் புதுமை போய்விடும், வாய்ப்பும் போய்விடும்.

ஒலி: 30 விநாடிக்கு மிகாத எம்பி3 கோப்பும் அதன் இசைக்குறிப்பும் தரவேண்டும். இந்தியாவில் முதலில் பதிவான ஒலிச் சின்னம் யாஹூவின் கூவல், 2008-இல். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி விற்பவரின் இசைத் துண்டு சொந்தமாக இயற்றியதாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். சினிமாப் பாட்டின் மெட்டு வேறொருவரின் பதிப்புரிமை. அதைக் கேட்கவே கூடாது.

மணம்: சின்னத்தை வரைந்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதால் நீண்ட காலம் இந்த வழி மூடியிருந்தது. 2025 நவம்பரில் சுமிடோமோ ரப்பர் நிறுவனம் டயருக்குக் கேட்ட ரோஜா மணம், மணத்தை அறிவியல் முறையில் வரைபடமாக்கிக் காட்டிய பிறகு, பதிவகத்தின் வணிகச் சின்ன இதழில் வெளியிட ஏற்கப்பட்டது. எண்ணெயின் மணத்தை அதே வழியில் கேட்க முடியாது. அது பொருளின் சொந்த மணம்.

8. ஒருவருக்கல்ல, ஒரு குழுவுக்கு என்றால்

சங்கமாக இயங்குபவர்கள் தனிநபர் சின்னத்தைக் கேட்டுத் தவறான வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். இங்கே மூன்று வழிகள் உண்டு.

கூட்டுச் சின்னம் ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது. அதன் உறுப்பினர்கள் பயன்படுத்துவார்கள். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் சிஏ சின்னம் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. யார் உறுப்பினர், எப்போது பயன்படுத்தலாம், மீறினால் என்ன என்று விதிமுறைகளை எழுதி விண்ணப்பத்தோடு தரவேண்டும். இந்த விதிகளை முதலில் உட்கார்ந்து எழுதுங்கள். சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அது அப்போதே வெளியே வந்துவிடும்.

சான்றுச் சின்னம் தரத்துக்கு உறுதி தருவது. உலகெங்கும் கம்பளித் துணியில் காணும் வுல்மார்க் அப்படிப்பட்டது. சின்னத்தின் உரிமையாளர் அதே பொருளை விற்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. தன் பொருளுக்குத் தானே சான்று கொடுப்பதில் அர்த்தமில்லை அல்லவா.

புவிசார் குறியீடு வணிகச் சின்னமே அல்ல. தனிச் சட்டம், தனிப் பதிவேடு, அலுவலகம் சென்னையில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, திருவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு ஆகிய பெயர்கள் அந்தந்தப் பகுதி உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் உரியவை. மணப்பாறையில் முறுக்கு சுடும் நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக அதில் சேர்ந்துகொண்டு, உங்கள் சொந்தப் பெயரைத் தனியே சொற்சின்னமாகப் பதிவு செய்யலாம். இரண்டும் வேறு வேலை செய்கின்றன.

9. விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தல்

படிவம் டிஎம்-ஏ. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவில் தொழில் செய்பவர்களுக்கு உரிய அலுவலகம் சென்னை. நீங்களே இணையத்தில் தாக்கல் செய்வதானால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். முகவர் வழியாக என்றால் அவருக்கு அதிகாரக் கடிதம் தரவேண்டும்.

பயன்பாட்டுத் தேதியில் கவனம் தேவை. பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்று எழுதினால், பிரமாண வாக்குமூலமும் ஆதாரங்களும் சேர்க்க வேண்டும். இன்னும் தொடங்கவில்லை என்றால் 'பயன்படுத்தப்போவதாக' என்று தேர்ந்தெடுங்கள். பெருமைக்காகப் பழைய தேதி போடுபவர்கள் உண்டு. ஆதாரம் இல்லாத தேதியை எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டால், உண்மையான ஆதாரங்களின் நம்பகத்தன்மையும் கெட்டுவிடும்.

சமர்ப்பிக்கும் முன் சின்னத்தின் வகை, வகுப்பு, பொருள் பட்டியல், விண்ணப்பதாரர் பெயர், தேதி ஆகிய ஐந்தையும் வேறொருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். விண்ணப்ப எண் கிடைத்த பிறகு பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவுக்குப் பிறகுதான். அதற்கு முன் போடுவது சட்ட மீறல்.

10. பரிசோதனை அறிக்கையும் எதிர்ப்பும்

விண்ணப்பத்தைச் சோதித்துப் பதிவகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஏதாவது ஓர் ஆட்சேபணை வருவது வழக்கம்தான். அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பலர் மின்னஞ்சலைப் பார்க்காமல் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். முகவரின் மின்னஞ்சலை மட்டும் நம்பியிராமல், வாரம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரம் பாருங்கள்.

9-ஆம் பிரிவில் ஆட்சேபணை என்றால் பெயர் பொருளை வர்ணிக்கிறது என்கிறார்கள். அது எப்படித் தனித்தன்மை உடையது என்பதைக் காட்ட வேண்டும். 11-ஆம் பிரிவு என்றால் ஏற்கெனவே உள்ள சின்னத்தை ஒத்திருக்கிறது என்கிறார்கள். அறிக்கையில் காட்டிய ஒவ்வொரு சின்னத்தையும் எடுத்து ஒலி, தோற்றம், பொருள், வாங்குபவர் என்று வேறுபாட்டை எழுத வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பதிலை நகல் எடுத்துக் கொடுப்பது வீண். பதில் போதவில்லை என்றால் காணொலி வழியே விசாரணை நடக்கும்.

ஏற்கப்பட்டால் சின்னம் வணிகச் சின்ன இதழில் வெளியாகும். அந்த நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்ததும் இரண்டு மாதங்களுக்குள் எதிர் அறிக்கை தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இந்த இரண்டு மாதத்தை நீட்டிக்க முடியாது. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம். அதுவரை நீங்களே செய்திருந்தாலும் சரி.

11. பதிவான பிறகு

பதிவு பத்து ஆண்டு செல்லும், விண்ணப்பித்த தேதியிலிருந்து. காலாவதிக்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். இணையத்தில் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தவறினால் அடுத்த ஆறு மாதங்கள் வரை கூடுதல் கட்டணத்தோடு வாய்ப்பு உண்டு. அதையும் தாண்டினால் காலாவதியான ஓராண்டுக்குள் மீட்க விண்ணப்பிக்கலாம்.

பதிவு செய்தபடியே பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு பில், ஒரு பேக்கெட், ஒரு விளம்பரம் என்று தேதியோடு எடுத்து வையுங்கள். புதிதாக ஒரு வகைப் பொருள் தொடங்கினால், முதல் சரக்கு வெளியே போகும் முன் அந்த வகுப்பில் விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கினால் இந்தியப் பதிவு அங்கே செல்லாது. பல நாடுகளில் சின்னப் பதிவு கேட்க வழிசெய்யும் மாட்ரிட் நெறிமுறை என்ற உலக ஒப்பந்தத்தில் இந்தியா 2013-இல் சேர்ந்ததால், இங்குள்ள விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து இங்கிருந்தே பல நாடுகளுக்குக் கேட்க முடியும். முகவரி மாறினாலும், தொழில் கம்பெனியாக மாறினாலும், மகனுக்கோ மகளுக்கோ கைமாறினாலும் பதிவேட்டில் அதைப் பதியுங்கள். அறிவிப்புகள் எல்லாம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் வரும்.